மண்ணைக் குறை சொல்வதற்கு முன் கடைக்காலைத் தோண்டிப் பாருங்கள்

ஐப்பசி, கார்த்திகை வந்தால் செய்தித்தாளில் ஒரு செய்தி தவறாமல் வரும்: தொடர் மழையில் மண்சுவர் இடிந்து விழுந்தது. சில நேரம் அதோடு ஓர் உயிரும் போயிருக்கும். படிக்கிறவர்கள் மண்ணையே நம்பக் கூடாது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். கோவில்பட்டி வட்டாரத்தில் மண்சுவர் வேலையே பிழைப்பாகக் கொண்ட நான், அப்படி விழுந்த சுவர் எட்டுகிற தூரத்தில் இருந்தால் போய்ப் பார்த்துவிடுவேன். நடுவில் முறிந்து விழுந்த மண்சுவரைப் பார்ப்பது அபூர்வம். தரையை ஒட்டிய ஓரடி, ஒன்றரை அடிக்குள்தான் கரைந்தோ குடைபட்டோ போயிருக்கும். கால் போனதும் மேலே இருந்த நல்ல சுவரும் சேர்ந்து சரிந்திருக்கும். விழுந்த கட்டிகளைக் கையில் எடுத்து உடைத்துப் பாருங்கள், லேசில் உடையாது.

என் வாதம் இதுதான். திறந்தவெளியில் நிற்கிற மண் கட்டுமானம் எதுவானாலும், அது மதிலோ, திண்ணையோ, ரொட்டி அடுப்போ, பள்ளிக்கூட மேடையோ, அதற்கு ஒதுக்குகிற பணத்திலும் கவனத்திலும் முதல் பங்கு கடைக்காலுக்கும் பேஸ்மட்டத்துக்கும் போக வேண்டும். இன்று நடப்பது நேர் எதிராக இருக்கிறது. சுவருக்கு அழகு பார்க்கிறோம், செம்மண் நிறம் பார்க்கிறோம், சுவரில் வளைவும் மாடமும் வைக்கிறோம். கடைக்காலுக்கு வானம் தோண்டுகிற அன்று மட்டும் உரிமையாளர் இடத்தில் இருப்பதில்லை.

நான் சித்தாளாக இந்தத் தொழிலுக்கு வந்தவள். மண் சுமந்து, குழைத்து, மிதித்து, கொத்தனார் கையில் உருண்டை எடுத்துக் கொடுத்து, பிறகு நானே சுவர் வைக்கக் கற்றுக்கொண்டேன். இப்போது என்னை மேஸ்திரியக்கா என்கிறார்கள். சுவர் வைப்பதைப் பலரும் சொல்லிக் கொடுத்தார்கள். கடைக்காலைச் சொல்லிக் கொடுத்தது விழுந்த சுவர்கள்தான்.

முதலில் ஒரு கணக்கைப் பார்த்துவிடலாம். 5 அடி உயரம், ஒன்றரை அடி கனத்தில் ஒரு மண்மதில். ஓரடி நீளத்துக்கு ஏழரைக் கன அடி மண் பிடிக்கும். நன்றாக மிதித்து வைத்துக் காய்ந்த மண் கன அடிக்கு 50 கிலோ என்று வைத்தால் 375 கிலோ. அது 2 அடி அகலக் கடைக்காலில் இறங்கும்போது சதுர அடிக்கு 190 கிலோகூட வராது. மீட்டரில் சொன்னால் சதுர மீட்டருக்கு 2 டன். கடைக்காலின் சொந்த எடையைச் சேர்த்தாலும் கெட்டியான செஞ்சரளை நிலத்துக்கு இது ஒரு சுமையே இல்லை. இதைப்போலப் பல மடங்கை அது தாங்கும். ஆகவே, மண்சுவருக்கு எதற்குப் பெரிய கடைக்கால், எடைதான் குறைவாயிற்றே என்று கேட்கிறவர்களின் கணக்கு சரி. ஆனால் அவர்கள் கணக்கில் தண்ணீர் இல்லை. களிமண்ணின் பிடிமானம் உலர்ந்திருக்கும் வரைதான். ஈரம் ஓர் அளவைத் தாண்டினால், பத்து ஆளைத் தாங்கிய மண் தன்னையே தாங்காது. மண் கட்டுமானத்தின் கடைக்கால் சுமையைத் தரையில் சேர்ப்பதற்காக மட்டும் போடப்படுவதில்லை. தண்ணீரைச் சுவரிலிருந்து பிரித்து வைப்பதுதான் அதன் பெரிய வேலை.

தண்ணீர் எப்படியெல்லாம் வருகிறது என்று பார்க்க, நல்ல மழையில் குடை பிடித்துக்கொண்டு ஒரு மதிலோரம் அரை மணி நேரம் நின்றால் போதும். மேலிருந்து வருவதை எல்லோரும் கவனிக்கிறார்கள், மதிலின் தலைக்கு நாட்டு ஓடோ கடப்பாக் கல்லோ வைத்துவிடுகிறார்கள். அது நல்லது, அதைப்பற்றி நான் அதிகம் பேசப் போவதில்லை. தரையில் விழுந்து தெறிக்கிற துளிதான் ஆபத்து. பலத்த மழையில் அது ஓரடி வரை எகிறிச் சுவரை அடிக்கும். அடுத்தது, சுவரடியில் தேங்கி நிற்கிற தண்ணீர். மூன்றாவது கண்ணுக்கே தெரியாது. விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல மண்சுவர் தரையிலுள்ள ஈரத்தை மேலே இழுக்கும். மண் எவ்வளவு நைசோ அவ்வளவு உயரத்துக்கு ஈரம் ஏறும். கருங்கல்லுக்கும் பெரிய ஜல்லிக்கும் இடையே உள்ள சந்துகள் பெரியவை, அவற்றில் தண்ணீரால் ஏற முடியாது. கடைக்காலில் கல் போடுவதற்கு இது பெரிய காரணம்.

எங்கள் பக்கம் இன்னொன்றும் உண்டு. தூத்துக்குடி மாவட்டத்தின் பல ஊர்களில் நிலத்தடி நீர் உப்பு. அந்த ஈரம் சுவரில் ஏறி, ஓரடி உயரத்தில் காற்றுப்பட்டு உலரும்போது தண்ணீர் போய்விடும், உப்பு தங்கிவிடும். தங்கிய உப்பு பூத்துப் பெருத்து மண்ணைத் துகள் துகளாகப் பிரித்துத் தள்ளும். சுவரின் அடிப்பகுதி பொரிந்து உதிர்வது இதனால்தான். இதைப் பார்த்தவுடன் நம் ஆட்கள் செய்கிற வைத்தியம், அந்த இடத்தில் சிமெண்ட் பூச்சு. உலர வழியில்லாத ஈரம் பூச்சின் விளிம்பைத் தாண்டி இன்னும் உயரே ஏறும். ஓரடியில் இருந்த நோய் மூன்றடிக்குப் போகும். பூச்சுக்குப் பின்னால் சுவர் சேறாகிக்கொண்டிருப்பது வெளியே தெரியாது. ஒருநாள் பூச்சு உப்பி வெடிக்கும்போதுதான் தெரியும். மண்சுவருக்குச் சிமெண்ட் பூச வேண்டாம் என்று நான் சண்டை போடுவது இதற்காகத்தான்.

இதோடு எலியும் பெருச்சாளியும். கல்லில்லாத மண் கடைக்காலை அவை ஒரே மழைக்காலத்தில் குடைந்துவிடும், அந்த வளை வழியே தண்ணீர் நேரே சுவருக்கு அடியில் போகும். வைக்கோல் கலந்த மண்ணென்றால் கறையானும் சேர்ந்துகொள்ளும்.

இவ்வளவும் தெரிந்த பிறகு, மதிப்பீட்டில் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். ஐந்து வருஷத்துக்கு முன் மண்சுவர் என்றால் சிரித்தவர்கள் இன்று தோட்ட வீட்டுக்கும் விடுதிக்கும் மண்சுவர் கேட்டு வருகிறார்கள். எனக்கு அதில் மனநிறைவு. வெயிலைத் தாங்குகிற, செங்கல் சூளைக்கு விறகு கேட்காத, இடித்தால் நிலத்தோடு சேர்ந்துவிடுகிற சுவர் இது. ஆனால் நான் கொடுக்கிற மதிப்பீட்டில் முதல் வரியைத்தான் எல்லோரும் அடிக்கிறார்கள். “கண்ணுக்குத் தெரியாத இடத்துக்கு எதுக்குக்கா இவ்வளவு காசு?” என்று ஒரு தம்பி கேட்டார். அவர் தோட்டத்தில் கடைக்கால் ஓரடிக்கும் குறைவாகத் தோண்டி, உடைந்த செங்கல்லைக் கொட்டி, அதன்மேல் நேராக மண்சுவர் வைக்கச் சொன்னார். நான் மறுத்தேன். வேறு ஆள் வைத்துக் கட்டினார். சுவர் அழகாகத்தான் வந்தது, மயில் உருவம்கூட வைத்திருந்தார்கள். அந்தக் கார்த்திகையிலேயே மயிலின் கால் தரையோடு போனது. மிச்சம் பிடித்த பணத்தைவிடச் சுவரை அள்ளிப்போட ஆன கூலி அதிகம். என் கணக்கில் வெளிப்புற மண்வேலை எதுவானாலும் மொத்தச் செலவில் மூன்றில் ஒரு பங்காவது கடைக்காலுக்கும் பேஸ்மட்டத்துக்கும் போக வேண்டும். அந்தப் பங்கைத் தர மனமில்லாதவர்கள் சுவரின் நீளத்தைக் குறைத்துக்கொள்ளட்டும்.

கடைக்கால் எப்படிப் போடுவது என்பதற்கு ஒரே பதில் கிடையாது. எங்கள் வட்டாரத்தில் ஓர் ஓடையைத் தாண்டினால் செவல், இந்தப் பக்கம் கரிசல். இரண்டுக்கும் ஒரே வரைபடத்தைக் கொடுக்கிறவர் எவ்வளவு படித்திருந்தாலும் நான் நம்ப மாட்டேன்.

செவலில் வேலை சுலபம். மேல்மண்ணை, அதாவது வேரும் சருகும் கலந்த பழுப்பு மண்ணை, முழுக்க எடுத்துவிட்டு, கடப்பாரை ‘ணங்’ என்று சொல்லுகிற சரளை வரை போக வேண்டும். பெரும்பாலும் ஒன்றரை அடி, இரண்டடிக்குள் அது வந்துவிடும். அடித்தளத்தை மட்டம் பார்த்து, தண்ணீர் தெளித்து, திமிசு போட வேண்டும். அதன்மேல் கருங்கல். பெரிய கல்லைக் கீழே அகலவாக்கில் படுக்க வைத்து, சந்துகளில் சில்லு அடித்து, ஒரு வரிசையின் இணைப்பு அடுத்த வரிசையின் இணைப்போடு நேர்க்கோட்டில் வராமல் கட்ட வேண்டும். சுவரின் கனத்துக்குக் குறுக்கே முழு நீளமாகப் போகிற கட்டுக்கல் சில அடிக்கு ஒன்று இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உள்முகமும் வெளிமுகமும் இரண்டு தனிச்சுவராகப் பிரிந்துவிடும். சாந்துக்கு நான் சுண்ணாம்பைத்தான் விரும்புகிறேன். நீத்த சுண்ணாம்பு ஒரு பங்கு, மணல் மூன்று பங்கு. அவசரக்காரர்களுக்குச் சிமெண்ட் சாந்து. தரைக்குக் கீழே அதில் எனக்குப் பகை இல்லை. நிலம் சரிவாக இருந்து தண்ணீர் வெளியேற வழியும் இருந்தால், சாந்தே இல்லாமல் ஒன்றரை அங்குல ஜல்லியைப் படிப்படியாகக் கொட்டி இடித்து நிரப்பிய கடைக்காலும் செவலில் நன்றாக நிற்கும். விழுகிற தண்ணீர் அதனூடே இறங்கி, சரிவின் கீழ்க்கோடியில் வெளியேறிவிடும்.

இந்த ஜல்லிக் கடைக்காலைத்தான் வீடியோக்களில் பார்த்துவிட்டு இப்போது எல்லோரும் கேட்கிறார்கள். கரிசலில் அதைச் செய்தால் கேடு. கரிசல் தண்ணீரை எளிதில் கீழே விடாது. வெளியேற வழி வெட்டாத ஜல்லிப் பள்ளம் அங்கே சுவருக்கு அடியில் நீங்களே கட்டிய தொட்டி ஆகிவிடும். ஒரு மாதம் தண்ணீர் நின்று சுற்றியுள்ள கரிசலை ஊறவைக்கும், ஊறிய கரிசல் உப்பும்.

கரிசலின் குணத்தை இங்கே பிறந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பங்குனி, சித்திரையில் கை நுழைகிற அளவுக்கு வெடித்துக் கிடக்கும். மழை பெய்ததும் வெடிப்பெல்லாம் மூடி, தரையே உயர்ந்து நிற்கும். அதிலுள்ள களிமண்ணை மான்ட்மோரிலோனைட் என்கிறார்கள். மெல்லிய தகடுகளாக இருக்கும் அந்தக் களியின் தகடுகளுக்கு நடுவே தண்ணீர் புகுந்து அவற்றைத் தள்ளி வைப்பதால் மண் பெருக்கிறது, உலர்ந்தால் சுருங்குகிறது. ஆண்டுக்கு ஒருமுறை ஏறி இறங்குகிற தரைமேல் மண்சுவர் வைத்தால், சுவர் எப்படிப்பட்டதானாலும் விரிசல் விடும். மேலேயிருந்து வரும் எடை குறைவாக இருப்பது இங்கே நமக்கு எதிராகவும் வேலை செய்யும். உப்பி வருகிற மண்ணை அழுத்திப் பிடிக்கிற பாரம் ஐந்தடி மதிலில் இல்லை.

உங்கள் மண் எவ்வளவு உப்பும் என்று தெரிந்துகொள்ள ஆய்வுக்கூடம் தேவையில்லை. கடைக்கால் போகிற ஆழத்திலிருந்து மண்ணெடுத்து, காயவைத்து, நுணுக்கிச் சலித்து, இரண்டு கண்ணாடித் தம்ளரில் ஒரே அளவு போடுங்கள். ஒன்றில் தண்ணீர், இன்னொன்றில் மண்ணெண்ணெய் ஊற்றிக் கலக்கி ஒரு நாள் விட்டுவிடுங்கள். மண்ணெண்ணெயில் களி உப்பாது. தண்ணீர்த் தம்ளரில் மண் அதைவிடப் பாதி அளவுக்குமேல் உயர்ந்து நின்றால் அந்த நிலத்தில் சாதாரணக் கடைக்கால் போடக் கூடாது. இரண்டு மடங்காக நின்றால் நான் அந்த வேலையைப் பற்றி இரண்டு முறை யோசிப்பேன். பொறியாளர்கள் அளவுக்குழாயில் செய்கிற சோதனையின் எளிய வடிவம்தான் இது.

கரிசலுக்கு அடியில் பல இடங்களில் சுக்கான்பாறை இருக்கும். சில காட்டில் மூன்றடியில் தட்டும், சில காட்டில் ஆறடி போனாலும் தட்டாது. தட்டினால் கவலை விட்டது, அதன்மேல் கல் வைத்து எழுப்பிவிடலாம். தட்டாத இடத்தில் நான் செய்வது இது: சுவரைவிட இருபக்கமும் ஓரடி கூடுதலாக, மூன்றடி ஆழத்துக்குக் கரிசலைத் தோண்டி வெளியே தள்ளிவிட்டு, அந்தப் பள்ளத்தைச் செஞ்சரளையால் நிரப்புவேன். அரை அடி கொட்டி, அளவாகத் தண்ணீர் தெளித்து, திமிசு போட்டு, பிறகு அடுத்த அரை அடி. சரளையில் கொஞ்சம் களிப்பிடிப்பு இருக்க வேண்டும், ஆனால் உப்பாத களியாக இருக்க வேண்டும். வெறும் மணலை நிரப்பினால் மறுபடியும் தண்ணீர் தேங்குகிற கதைதான். எங்கள் பெரியவர்கள் அனுபவத்தில் செய்த இதை, ஐஐடி பம்பாயில் பேராசிரியர் ஆர்.கே. கட்டி ஆய்வு செய்து, உப்பாத பிடிமண்ணைச் சுமார் ஒரு மீட்டர் கனத்துக்கு இட்டால் கீழேயிருக்கும் கரிசலின் உப்பல் அடங்குகிறது என்று காட்டினார். கால்வாய்க் கரைகளுக்கு அரசுப் பொறியாளர்கள் இந்த முறையைப் பயன்படுத்துகிறார்கள். தோட்டத்து மதிலுக்கு யாரும் சொல்லித் தருவதில்லை.

வீடு கட்டுகிறவர்களுக்கு ரூர்க்கியிலுள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிலையம் அடி பருத்த தூண் கடைக்காலை 1950களிலேயே கொண்டுவந்துவிட்டது. ஈரம் மாறாத ஆழத்தில் அடியைக் குடமாகப் பருக்க வைத்து, உப்புகிற மேல்மண்ணுக்கு அகப்படாமல் நிற்கிற தூண் அது. ஐந்தடி மதிலுக்கு அந்தச் செலவு ஒட்டாது. ஆழக் கரிசலில் நீளமான மண்மதில் கேட்கிறவர்களிடம் நான் முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறேன்: இங்கே மண்மதில் வேண்டாம், கிளுவை வேலி வையுங்கள். திண்ணையோ மேடையோ வேண்டுமென்றால் கட்டித் தருகிறேன். மதில் கண்டிப்பாக வேண்டுமென்றால் பத்தடிக்கு ஒரு துண்டாக, துண்டுகளுக்கு நடுவே ஓர் அங்குல இடைவெளி விட்டுக் கட்டுவேன். தரை ஏறி இறங்கும்போது ஒவ்வொரு துண்டும் தனியாக ஏறி இறங்கிக்கொள்ளும். பக்கத்தில் வேம்போ புளியோ இருந்தால் மரத்தின் உயரம் அளவுக்காவது தள்ளிப்போக வேண்டும். கோடையில் வேர் ஈரத்தை உறிஞ்ச உறிஞ்சக் கரிசல் ஒருபக்கமாகச் சுருங்கும்.

இனி தரைக்கு மேலே. இந்தியத் தர நிர்ணய அமைவனம் மண் கட்டடங்கள் நிலநடுக்கத்தைத் தாங்குவதற்காக 1993இல் வெளியிட்ட ஐஎஸ் 13827, கடைக்கால் 400 மில்லிமீட்டருக்குக் குறையாத ஆழத்திலும், பேஸ்மட்டம் தரையிலிருந்து 300 மில்லிமீட்டருக்குக் குறையாமல் அல்லது வெள்ளம் ஏறும் மட்டத்துக்கு மேலாகவும் இருக்கச் சொல்கிறது. அது குறைந்தபட்சம். தமிழ்நாட்டு அடைமழைக்கு ஓரடி போதாது என்பது என் கருத்து. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் எங்கள் மாவட்டம் பட்ட பாட்டை நாடே பார்த்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. அந்த வாரம் நான் சுற்றிப் பார்த்த ஊர்களில், இரண்டடி கல்லுக்கட்டின்மேல் நின்ற பழைய மண் வீடுகள் சில, ஓடு பெயர்ந்து, பூச்சு கரைந்து, ஆனாலும் நின்றன. அதே தெருவில் கல்லில்லாமல் தரையோடு எழும்பிய சுவர்கள் கிடையாகக் கிடந்தன. அன்றிலிருந்து ஒன்றரை அடிக்குக் கீழே பேஸ்மட்டம் வைக்க நான் ஒத்துக்கொள்வதில்லை. தண்ணீர் நிற்கிற இடமானால் இரண்டடி.

ஆரோவிலுக்குப் பயிற்சிக்குப் போனபோது மாலி நாட்டு ஜென்னே மசூதியின் படங்களைக் காட்டினார்கள். 1907இல் இன்றைய வடிவில் கட்டிய, முழுக்க மண்ணாலான பிரம்மாண்டம். ஆண்டுதோறும் ஊரே கூடி அதற்கு மண் பூசுகிறார்கள், படங்களில் அதுதான் வரும். என் கண் போனது அதன் அடிக்கு. சந்தைத் தரையிலிருந்து ஏறத்தாழ 3 மீட்டர் உயர்ந்த மேடைமேல் அந்த மசூதி நிற்கிறது. பானி ஆறு பெருகும்போது தண்ணீர் சுவரைத் தொடாமல் காப்பது அந்த மேடை. பூசுகிற கைகளைப் பாராட்டுகிறவர்கள் மேடை போட்டவர்களையும் ஒரு வார்த்தை பாராட்டலாம்.

பேஸ்மட்டத்தில் இரண்டு நுணுக்கம். கல்லுக்கட்டு சுவரைவிட அகலமாக இருந்து, வெளிப்பக்கம் இரண்டங்குலம் நீட்டிக்கொண்டு நின்றால், மழை வழிந்து அந்த விளிம்பில் தங்கிச் சுவரின் காலைத் தின்னும். பல நல்ல சுவர்கள் இப்படிப் போயிருக்கின்றன. சுவரின் வெளிமுகம் கல்லின் வெளிமுகத்தோடு ஒட்டி இருக்க வேண்டும். இல்லையென்றால் விளிம்பை வெளிப்பக்கம் சரிவாகச் சுண்ணாம்புச் சாந்தில் இழைத்துவிட வேண்டும். இரண்டாவது, கல்லுக்கும் மண்ணுக்கும் நடுவே ஈரத்தைத் தடுக்கிற ஒரு வரி. கனத்த கருப்புப் பாலித்தீன் போதும் என்பார்கள், போதும்தான். எனக்குக் கடப்பாக் கல் பிடிக்கும். இணைப்புகளில் ஒன்றின்மேல் ஒன்று ஏறுமாறு இரண்டு வரிசை வைத்தால் ஈரமும் ஏறாது, கறையானும் எலியும் தாண்டுவது கஷ்டம்.

சுவரடியைச் சுற்றிச் சிமெண்ட் தளம் போடாதீர்கள். கெட்டித்தளத்தில் விழுகிற துளி அதிகம் தெறிக்கும். தளத்துக்கு அடியிலுள்ள ஈரம் வெளியேற வேறு வழியில்லாமல் சுவர்வழி ஏறும். செவலில் சரளையோ அருகம்புல்லோ போதும். கரிசலில் மட்டும், செஞ்சரளையை மூன்றடி அகலத்துக்கு வெளிச்சரிவாக இறுக்கித் தண்ணீரைத் தள்ளிப் போக வையுங்கள். பூச்செடி வைத்துச் சுவரடியில் சொட்டுநீர்க் குழாய் ஓட்டுவதைக் கண்டால் எனக்கு நெஞ்சு பதறுகிறது.

மண் ரொட்டி அடுப்பும் இப்போது விடுதிகளில் பரவுகிறது. அதற்குச் சுற்றி மட்டும் கடைக்கால் போட்டு நடுவை விட்டுவிடுகிறார்கள். சின்ன இடத்தில் பெரிய பாரம் இறங்குவதால் முழு வட்டத்தையும் தோண்டி நிரப்ப வேண்டும். அடியில் ஈரம் இருந்தால் எரிக்கிற விறகின் சூடெல்லாம் அதை உலர்த்தவே போகும், அடுப்பு சூடேறவே ஏறாது.

இரண்டு தரப்பார் என்மேல் கோபப்படுவார்கள். மண்ணைத் தவிர எதையும் தொடக் கூடாது, கல்கூட வேண்டாம், அடியிலிருந்து தலை வரை மண்ணாக இருப்பதே தூய்மை என்கிறவர்கள் ஒரு தரப்பு. நான் அவர்களிடம் கேட்பது, எந்த மூதாதையர் அப்படிக் கட்டினார்கள் என்றுதான். எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளை இடிக்கும்போது கீழே கல்லுக்கட்டு வருகிறது. வசதி இல்லாதவர்கள்தான் கல்லில்லாமல் கட்டினார்கள், ஆண்டுதோறும் ஒட்டுப்போட்டார்கள். வறுமையால் விட்டுப்போனதை மரபு என்று நாம் எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆரோவில் மண் நிறுவனத்தார் கடைக்காலையே மண்ணால் இடித்துக் கட்டுகிறார்கள் என்பதைச் சிலர் சான்றாகக் காட்டுகிறார்கள். அந்த மண்ணில் ஏறத்தாழ 5 சதவீதம் சிமெண்ட் கலந்திருக்கிறது, அது சரளை கலந்த செம்மண் நிலம், சோதித்துப் பார்த்துச் செய்கிறார்கள். அதே வேலையைக் கரிசலில் நகலெடுத்தால் அது அவர்கள் குற்றம் ஆகாது.

மறுதரப்பு, எதற்கும் கான்கிரீட் தூணும் பெல்ட்டும் போட்டால்தான் ஆயிற்று என்கிற கட்டுமானக்காரர்கள். பெரிய வீட்டுக்கு அது தேவையாக இருக்கலாம். ஐந்தடி மண்மதிலுக்கு நடுவே கான்கிரீட் தூண் நிறுத்தினால், மண் காயும்போது சுருங்கித் தூணை விட்டு விலகும். அந்தச் சந்தில் மழை இறங்கும். பணமும் போய், சுவரும் போகும்.

இதில் கூலியின் கதையும் இருக்கிறது. வானம் தோண்டுகிறவர், திமிசு போடுகிறவர், கல்லும் சரளையும் சுமக்கிற பெண்கள் ஆகியோரின் வேலையைக் கையாள் வேலை என்றே கணக்கெழுதுகிறார்கள். சுவரில் கரண்டி பிடிப்பவர்தான் தொழில் தெரிந்தவர். சரளையில் தண்ணீர் எவ்வளவு தெளிக்க வேண்டும் என்பது கைப்பிடியில் பிடித்துப் பார்த்துத் தெரிந்துகொள்கிற தொழில். கூடினால் திமிசு ஒட்டும், குறைந்தால் இறுகாது. அதை அறிந்த பெண்கள் எங்கள் ஊர்களில் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கொத்தனார் கூலி கொடுக்க யாருக்கும் மனம் வருவதில்லை. வார இறுதியில் மண் மிதிக்கிற பயிற்சி முகாம்களுக்கு நகரத்துப் பிள்ளைகள் ஆசையோடு வருகிறார்கள், நான் அவர்களை மதிக்கிறேன். முகாம் நடத்துகிறவர்கள் முதல் நாளைக் கடைக்காலுக்கு ஒதுக்குங்கள், அன்றைக்குப் பாடம் சொல்ல இந்தப் பெண்களைக் கூலி கொடுத்து அழையுங்கள். கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் பயிற்சி நடத்தும்போது கரிசல் கடைக்காலைத் தனிப்பாடமாக வைக்கலாம். ஐஎஸ் 13827இன் சாரத்தை மேஸ்திரி படித்துப் புரிந்துகொள்கிற தமிழில், படத்தோடு பத்துப் பக்கத்தில் போட்டுக் கொடுக்கலாம். பெரிய செலவில்லை.

இது அழகைப் பற்றிய விவாதமாக மட்டும் இருந்திருந்தால் நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். 2019 டிசம்பர் 2ஆம் தேதி விடியலில் மேட்டுப்பாளையம் நடூரில் மதிற்சுவர் சரிந்து 17 பேர் தூக்கத்திலேயே இறந்தார்கள். அது மண்சுவர் இல்லை. ஆனாலும் மழையில் ஊறிய ஒரு மதில் பக்கத்திலிருப்பவர்களுக்கு என்ன செய்யும் என்பதை எங்கள் தொழிலில் இருக்கும் ஒவ்வொருவரும் நினைவில் வைத்திருக்க வேண்டும். மதிலுக்கு அந்தப் பக்கம் யார் வீடு, யார் தூங்குகிற இடம் என்று பார்க்காமல் நான் கயிறு பிடிப்பதில்லை.

மண்வேலை கேட்டு வருகிறவர்களுக்கு இப்போது ஒரு நிபந்தனை வைத்திருக்கிறேன். வைகாசி, ஆனியில் வானம் தோண்டிக் கடைக்காலையும், ஆவணிக்குள் பேஸ்மட்டத்தையும் முடித்துவிடுவேன். பிறகு நிறுத்திவிடுவேன். ஐப்பசி, கார்த்திகை மழை அதன்மேல் பெய்யட்டும். எங்கே தண்ணீர் தேங்குகிறது, எந்த மூலை இறங்குகிறது, பக்கத்து வயலின் தண்ணீர் எந்த வழியாக வருகிறது என்பதெல்லாம் மழை காட்டிக்கொடுத்துவிடும். சுண்ணாம்புச் சாந்தும் அவசரமில்லாமல் இறுகும். தையில் வந்து சுவர் வைத்தால் சித்திரைக்குள் காய்ந்துவிடும். அவ்வளவு நாள் காத்திருப்பதா என்று பாதிப்பேர் போய்விடுகிறார்கள், போகட்டும். கோவில்பட்டிக்கு மேற்கே ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடம் இந்த நிபந்தனைக்கு ஒப்புக்கொண்டது. பிள்ளைகள் உட்கார்ந்து படிக்கிற மண் மேடை வேண்டும் என்றார்கள். மழையில் போய்ப் பார்த்தபோது வடகிழக்கு மூலையில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது, மதிய உணவுக் கூடத்தின் கை கழுவுகிற தண்ணீரும் அங்கேதான் வந்து சேர்ந்தது. தலைமையாசிரியரை அழைத்துக் காட்டினேன். கை கழுவுகிற தண்ணீரை வாழைக்குத் திருப்பச் சொல்லி, அந்த மூலையிலிருந்து ஓடை வரை வாய்க்கால் வெட்டியிருக்கிறோம். சரளை இன்னும் ஒரு வண்டி தேவைப்படுகிறது. அதற்கான பணத்தை ஊர்க்காரர்கள் சுவர்ச் செலவிலிருந்து எடுக்கச் சொல்லிவிட்டார்கள், மேடையின் முதுகுச்சுவர் அரை அடி குறையும்.